விடுப்புக் கேட்கக்கூடாத வேலை

எங்கடை வீட்டிலை என்னை விடுப்புக்காரன், அடுத்தவன்ரை கதை கேட்டுத் திரியிறவன், எண்டுதான் சொல்லுவினம். பொய் இல்லை. ரெயினிலை முன்னுக்கு இருக்கிற ரெண்டு பேர் குசுகுசுத்துச் சண்டை பிடிச்சால், ஆரிலை பிழை எண்டு தெரியாமல் எனக்கு இறங்க மனம் வராது. ஒருக்கால் இப்பிடித்தான், ஒரு கிழவனும் கிழவியும் தங்கடை நாயைப் பற்றி வாக்குவாதப்பட்டதைக் கேட்டுக்கொண்டிருந்து, ஒஸ்லோவிலை எங்கடை வீடு இருக்கிற அம்மருட்டிலை இறங்கவேண்டியவன் கடைசித் தரிப்பிடம் மட்டும் போய்த் திரும்பி வந்தனான். மனுசி ஏசினா. அந்த நாய்க்குக் கடைசியிலை என்ன முடிவெடுத்தவை எண்டு சொல்லித்தான் அவவைச் சமாளிச்சனான்.

இப்பிடிப்பட்ட ஒருத்தனுக்குக் கிடைச்ச வேலையைப் பாருங்கோ. அகதி விசாரணையளிலை மொழிபெயர்க்கிற வேலை. இஞ்சை 'தொல்க்' எண்டு சொல்லுவினம். ஊர் உலகத்துக் கதையெல்லாம் காதுக்கை வந்து விழும், ஆனால் நீ ஒரு கேள்வி கேக்கக்கூடாது. 'பேந்து என்ன நடந்தது?' எண்டு நாக்கு நுனியிலை வந்து நிக்கும். விழுங்கிப்போடவேணும். கேக்கிறது அதிகாரியின்ரை வேலை. அதைவிடக் கொடுமை, முடிவை உனக்கு ஒருத்தரும் சொல்லமாட்டினம். அந்த ஆளை நாட்டிலை இருக்க விட்டவையோ, பிளேனிலை ஏத்தி அனுப்பினவையோ, தெரியாது. பதினைஞ்சு வருசத்துக்கு மேலை இந்த வேலை செய்தனான். என்னெண்டு செய்தனான் எண்டு எனக்கே இப்ப ஆச்சரியமாய்க் கிடக்கு.

போன வருசம் நான் ஓய்வெடுத்தபோது இளம் தொல்க்மார் சேர்ந்து கேக் வெட்டினவை. எல்லாம் இஞ்சை பிறந்து வளந்த பிள்ளையள். இப்ப அவைக்கு அரைவாசி வேலை ரெலிபோனிலைதான். வீட்டுச் சோபாவிலை இருந்துகொண்டு, எங்கையோ வடக்கிலை இருக்கிற ஒருத்தற்றை அழுகையை மொழிபெயர்க்கினம். அது எனக்குச் சரிவராது. முகம் பாக்காமல் என்ன விடுப்பு? அதுக்கை நிலானி எண்ட பிள்ளை, ரொம்சோஸிலை பிறந்தவள், சரியான வாய்க்காரி, எல்லாருக்கும் முன்னாலை கேட்டாள்: "மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. ஒரு வசனத்தையாவது விட்டிட்டு மொழிபெயர்த்திருக்கிறியளோ?"

நான் வாய் நிறையக் கேக்கைத் திணிச்சுக்கொண்டு தலையை ஆட்டினனான். ஓம் எண்ட ஆட்டமோ, இல்லை எண்ட ஆட்டமோ எண்டு அவளுக்கு விளங்கேல்லை. இப்ப விபரமாய்ச் சொல்லுறன். விசாரணை அறையிலை கேட்டதை வெளியிலை கதைக்கிறது குற்றம் எண்டு எனக்கு நல்லாய்த் தெரியும். இதை எழுத எனக்கு ஆர் உத்தரவு தந்தது எண்டது கடைசியிலை விளங்கும்.

ஊரிலை நான் தபால் கந்தோரிலை கிளாக்காய் இருந்தனான். நாடு குழம்பின பிறகு வெளிக்கிட்டு, நோர்வேயின்ரை உச்சந்தலையிலை கிடக்கிற ஹம்மர்பெஸ்டிலை ஒரு மீன் பக்ரறியிலை வந்து விழுந்தனான். அங்கை எங்கடை ஆக்கள் கனபேர் நிண்டவை. மேசைக்கு எதிர்ப்பக்கம் மீன் வெட்டின நோர்வே மனுசியளின்ரை ஊர்ப் புதினம் கேக்கிற ஆசையிலை நான் பாஷையைக் கெதியாய்ப் பிடிச்சிட்டன். பேந்தென்ன, ஆருக்குக் காய்ச்சல் வந்தாலும், ஆற்றை பெண்சாதிக்கு வயித்துக்குத்து வந்தாலும், ஆஸ்பத்திரிக்கு என்னைத்தான் இழுத்துக்கொண்டு போவினம். அப்ப நான் செய்தது மொழிபெயர்ப்பு இல்லை, நாட்டாண்மை. டொக்டர் சொன்னதிலை பாதியை விழுங்கிப்போட்டு, என்ரை புத்திமதியையும் சேத்துக் குடுப்பன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, வகுப்புக்குப் போய், ஒருக்கால் கோட்டை விட்டு ரெண்டாந்தரம் சோதனை பாஸ் பண்ணி, முறையான தொல்க் ஆனது பெரிய கதை. அதை விடுவம்.

என்னை உண்மையாய் வேலைக்குப் பழக்கினது பெரிட் எண்ட அதிகாரி. அகதியளை விசாரிக்கிறவ. நெடுத்த, ஒல்லியான மனுசி, வருசம் முழுக்க ஒரே சாம்பல் நிறக் கம்பளிச்சட்டை. முதல்நாள் நான் கோட்டும் ரையுமாய்ப் போய்க் கதிரையிலை இருக்க, "நீங்கள் இந்த அறையிலை இல்லை, அதை மட்டும் ஞாபகம் வைச்சிருங்கோ" எண்டவ. நான் பகிடி எண்டு நினைச்சுச் சிரிச்சனான். அவ சிரிக்கேல்லை.

கதிரையளை அவதான் தன்ரை கையாலை இழுத்து வைப்பா. தனக்கு எதிரை வந்தவர், மேசையின்ரை பக்கவாட்டிலை நான். வந்தவர் கண்ணை நிமித்தினால் அவவைத்தான் பாக்கவேணும், என்னை இல்லை. அவவும் என்னைப் பாத்து 'அவரிட்டைக் கேளுங்கோ' எண்டு ஒருநாளும் சொன்னதில்லை, நேரை அவரைப் பாத்துத்தான் கேப்பா. வந்தவர் 'எனக்குப் பயமாய்க் கிடந்தது' எண்டால் நானும் 'எனக்குப் பயமாய்க் கிடந்தது' எண்டுதான் நோர்வே பாஷையிலை சொல்லவேணும். அவர் தூஷணம் பேசினால் நானும் பேசவேணும். முதல்தரம் பெரிட்டுக்கு முன்னாலை ஒரு பச்சைத் தூஷணத்தை மொழிபெயர்த்தபோது எனக்கு வேர்த்துக் கொட்டினது, அவ கண்ணும் வெட்டாமல் அதை அப்பிடியே தட்டெழுதினா. விளங்காத சொல்லு வந்தால் மட்டும் நான் கையை உயர்த்தி, 'தொல்க் கேக்கிறார்' எண்டு சொல்லி விளக்கம் கேக்கலாம். அவ்வளவுதான் எனக்குள்ள சுதந்திரம். இடைவேளையிலை வந்தவரோடை நிண்டு தேத்தண்ணி குடிக்கக்கூடாது. எல்லாம் முடிய, எழுதினதை முழுக்கத் தமிழிலை திருப்பி வாசிச்சுக் காட்டவேணும், அவர் பிழை சொன்னால் திருத்தவேணும். நான் குறிச்ச துண்டுகளை அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை மெஷினுக்கை போட்டு நறுக்கவேணும்.

ஆரும் அழுதால் பெரிட் 'பரவாயில்லை' எண்டு சொல்லமாட்டா. தண்ணிக் கிளாசை ஒரு சொட்டு முன்னுக்குத் தள்ளி வைச்சிட்டு யன்னலாலை வெளியைப் பாத்துக்கொண்டிருப்பா. அந்தாள் அழுது முடியுமட்டும் அப்பிடியே இருப்பா. ஏதேனும் ஆறுதல் சொல்லவேணும் எண்டு எனக்கு வாய் துடிக்கும். பேந்து பேந்துதான் கண்டனான், அவ வெளியைப் பாத்துக்கொண்டு இருக்கிற நேரத்திலைதான் ஆக்கள் உள்ளதைச் சொல்லத் துவங்குறவை.

ஒருநாள் மட்டும் பொறுக்கேலாமல் அவவிட்டைக் கேட்டிட்டன், முந்தின கிழமை வந்த ஒரு பெட்டைக்கு என்ன முடிவு எண்டு. அவ மேலங்கியைக் கொழுவிக்கொண்டு நிண்டவ. "சில முடிவுகள் எனக்கும் தெரியாமல் இருந்தால் நல்லது எண்டு நினைக்கிறனான்" எண்டு மட்டும் சொல்லிப்போட்டுப் போனவ. அதுக்குப் பிறகு நான் வாய் திறக்கேல்லை.

இனித் தையல்காரற்றை கதை. நோர்வே நடுவிலை நிண்டு ஊரிலை சமாதானப் பேச்சு நடத்திக்கொண்டிருந்த காலம். நோர்வே எண்டால் சமாதானம் எண்டு எங்கடை சனம் நம்பிக்கொண்டிருந்த நேரம். அப்ப ஒருநாள் பெரிட்டின்ரை அறைக்கு ஒரு மனிசன் வந்தார். ஐம்பது வயசு மட்டிலை, கட்டையான ஆள், எங்கடை நாட்டின்ரை கிழக்குப் பக்கம். நாங்கள் 'பேந்து' எண்டு சொல்லுற இடத்திலை 'மறுகா, மறுகா' எண்டு வசனத்துக்கு வசனம் வந்தது. எல்லாரும் அந்தக் கதிரையிலை இருந்தால் ஒண்டில் பெரிட்டின்ரை முகத்தைப் பாப்பினம், இல்லாட்டில் நிலத்தைப் பாப்பினம். இவர் என்ரை வாயைப் பாத்தார். அதுவும் சும்மா பாக்கேல்லை, தராசு முள்ளைப் பாக்கிற மாதிரி. அதோடை, ரெண்டு வசனம் சொல்லுவார், நிப்பாட்டுவார். எனக்கு எவ்வளவு ஞாபகத்திலை நிக்குமோ அவ்வளவோடை சரியாய் நிப்பாட்டுவார். மற்றவை மடை திறந்த மாதிரிக் கொட்ட, நான் கையை உயர்த்தி மறிக்கவேணும். இவருக்கு ஒருக்காலும் கை உயர்த்தேல்லை.

இந்தாள் என்ன செய்துகொண்டிருந்தவர் எண்டு எனக்கு விடுப்புக் கிளம்பியிட்டுது. கனநேரம் காத்திருக்கத் தேவை வரேல்லை.

அவர் இளந்தாரியாய் இருந்தபோது ஒரு சிங்களப் பட்டணத்திலை தையல்கடையிலை வேலை செய்தவர். சிங்களம் தண்ணிபட்ட பாடு. கலவரத்தோடை அங்கையிருந்து ஓடிவந்து, தன்ரை ஊரிலை ஒரு மெஷினோடை கடை போட்டார். கடைக்குக் கிட்ட ஒரு பொலிஸ் காம்ப் வந்தது. சாதாரணப் பொலிஸ் இல்லை, தலைநகரிலையிருந்து அனுப்பின விசேஷப் பொலிஸ்.

பெரிட்டுக்கு இதிலை விளங்கேல்லை. இஞ்சை பொலிஸ்காரன் துவக்கு இல்லாமல் தெருவிலை நடந்து போறவன், பூனை மரத்திலை ஏறினாலும் கூப்பிடலாம். பொலிஸோ ஆமியோ எண்டு அவ திருப்பித் திருப்பிக் கேட்டா. அதுக்குத் தையல்காரர் சொன்ன மறுமொழி இண்டைக்கும் எனக்கு நிக்குது. மற்றப் பொலிஸுக்குச் சேட்டுத் தைச்சால், பொக்கெற்றுக்கு மேலை பேனை குத்த ஒரு சின்ன வெட்டு வைக்கவேணுமாம். முறைப்பாடு எழுதப் பேனை வேணுமே. இவங்கள் வந்த முதல் கிழமையே அந்த வெட்டைத் தைச்சு மூடச் சொல்லிப்போட்டு, ரவைக்கூடு வைக்கத் தொடையிலை பெரிய பை கேட்டவங்களாம். ஒருக்கால் தன்ரை கடையிலை துணி களவு போக, காம்புக்கு முறைப்பாடு குடுக்கப் போனாராம். சிரிச்சவங்களாம், நாங்கள் அந்தப் பொலிஸ் இல்லை எண்டு. தனிநாடு கேட்ட பொடியளை அடக்கிறதுக்கெண்டு பழக்கின பொலிஸ். பேரும் சம்பளமும் பொலிஸ், வேலை யுத்தம்.

பெரிட் தட்டெழுதுறதை நிப்பாட்டிப்போட்டு, அந்தப் பேனை வெட்டு எவ்வளவு அகலம் எண்டு கேட்டா. அவவும் ஒரு விடுப்புக்காரிதான் எண்டு அண்டைக்குத்தான் கண்டுபிடிச்சனான்.

உடுப்புத் தைக்கப் போய்வந்த மனிசனை ஒருநாள் காம்பிலை மறிச்சிட்டாங்கள். அவங்களிட்டை இருந்த மொழிபெயர்ப்பாளன் ஓடிவிட்டானாம், நீ சிங்களம் கதைக்கிறாய்தானே, வந்து இரு எண்டாங்களாம். மாட்டன் எண்டு சொல்லுற இடமே அது? அண்டைக்குத் துவங்கி, சுற்றி வளைச்சுப் பிடிச்சுக்கொண்டு வாற சனத்தை விசாரிக்கிறபோது பக்கத்திலை நிண்டு மொழிபெயர்க்கிறது இவற்றை வேலை.

நான் இதை நோர்வே பாஷையிலை சொல்லிக்கொண்டு போறன், அப்பதான் எனக்குப் பிடிபட்டது. இந்தாளும் தொல்க். ஒரு மேசையிலை ரெண்டு தொல்க்.

அவர் தன்ரை வேலையை விளக்கினார். பிடிச்சுக்கொண்டு வந்த ஆளிட்டை முதல் கேக்கிற கேள்வி, பொடியளுக்குச் சாப்பாடு குடுத்தனியோ எண்டது. ஊர்ச்சனம் கள்ளம் கபடம் இல்லாமல், 'ஓம், பசி எண்டு வந்தாங்கள், குடுத்தனான்' எண்டுவிடும். அந்த ஒரு வார்த்தை காணும், ஆள் அறைக்குப் பின்பக்கம், சித்திரவதை செய்யிற இடத்துக்குப் போறதுக்கு. இவர் அதைச் சிங்களத்திலை, 'துவக்கைக் காட்டிப் பறிச்சுக்கொண்டு போனவங்களாம்' எண்டு மாத்திப்போடுவார். ஆள் ரெண்டு அடியோடை வீட்டை போகும். இப்பிடி எத்தினையோ பேரை வெளியிலை விட்டிருக்கிறார். ஊருக்கை இவரைத் துரோகி எண்டும் சொன்னவை, காப்பாத்துற ஆள் எண்டும் சொன்னவை. பொடியளின்ரை பக்கம் துரோகி எண்டதுதான் எடுபட்டது. கடைசியிலை பொடியளும் தேட, சொல்லாமல் ஓடினதாலை பொலிஸும் தேட, மனுசியை ஒரு சொந்தக்காரற்றை வீட்டு அறையிலை விட்டிட்டு நாட்டை விட்டு வந்தவர்.

இஞ்சை அவருக்கு 'ஓம்' கிடைச்சால் மனுசியைக் கூப்பிடலாம். ஆனால் ஒரு ஆபத்துக் கிடந்தது. அந்தப் பொலிஸ் செய்த சித்திரவதையிலை இவருக்கும் பங்கு எண்டு பெரிட் நினைச்சால், அடைக்கலம் இல்லை. அப்பிடி ஒரு விதி. திருப்பி அனுப்பினால் ரெண்டு பக்கத்திலை ஆர் முந்திறது எண்டதுதான் கேள்வி.

அதாலை பெரிட் கட்டாயம் கேக்கவேண்டிய கேள்வியைக் கேட்டா: உங்கடை மொழிபெயர்ப்பாலை ஆருக்கேனும் தீங்கு வந்ததோ?

நான் அதைத் தமிழிலை சொல்லிப்போட்டு, 'இல்லை எண்டு சொல்லு, மனிசா' எண்டு மனசுக்கை கும்பிட்டன். அதுவரைக்கும் சொன்னதெல்லாம் அவருக்கு நல்லதாய்த்தான் வந்துகொண்டிருந்தது. ஒரு 'இல்லை'யோடை முடியும்.

அவர் என்ரை வாயையே பாத்துக்கொண்டு இருந்தார். பெரிட் யன்னலைப் பாத்தா.

பேந்து சொன்னார். ஒரு தயிர் விக்கிற மனிசன், எருமை வைச்சிருக்கிறவர், வயசாளி. அந்தாளின்ரை முழுப்பேரையும், தேப்பன்ரை பேரையும், ஊரையும், ஊருக்குப் போற கைவழியையும்கூடச் சொன்னார். என்னத்துக்கு இவ்வளவு எண்டு நினைச்சுக்கொண்டு நானும் ஒண்டும் விடாமல் சொன்னன். அண்டைக்குக் காலமை காம்பிலை புதுசாய் ஒரு பொலிஸ்காரன் வந்து அறை மூலையிலை, ஃபானுக்குக் கீழை, பேசாமல் இருந்தானாம். மொழிபெயர்க்கிறவனைக் கண்காணிக்கத் தமிழ் தெரிஞ்ச ஒருத்தனை அனுப்பப்போறாங்கள் எண்டு முதலே ஒரு கதை அடிபட்டது. தயிர்க்கார மனிசனைக் கொண்டுவந்து நிப்பாட்ட, அவர் எல்லாரையும் போலை, 'தயிரும் சோறும் குடுத்தநான் ஐயா, பசியில வந்த பிள்ளைகள்' எண்டிட்டார். மூலையிலை இருந்தவன் இவரைப் பாத்தான். இவர் முதல்தரமாய் உள்ளதை உள்ளபடி சிங்களத்திலை சொன்னார். வயசாளியைப் பின்பக்கம் கொண்டு போனாங்கள்.

பின்னேரம் தேத்தண்ணி நேரம்தான் தெரியவந்தது, மூலையிலை இருந்தவனுக்குத் தமிழிலை ஒரு சொல்லும் தெரியாதாம். உடம்பெல்லாம் வேர்க்குரு, அதுதான் ஃபானுக்குக் கீழை வந்து இருந்தவன்.

பெரிட் பயத்திலையோ அப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டா. கேள்வியிலையே கையைக் குடுத்தா எண்டுதான் நான் நினைக்கிறன். தையல்காரர் கையைப் பிடிக்கேல்லை.

"பயம்தான். ஆனா பயம் எண்டு மட்டும் எழுதவேணாம். இத நான் சொன்னா அந்த மனிசனுக்கு என்ன நடக்கும் எண்டு நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னநான்."

ரெண்டு வசனம் சொல்லி நிப்பாட்டுற ஆள், அண்டைக்கு மூண்டு வசனத்தோடை நிப்பாட்டினார். என்ரை வாய்க்கை மூண்டும் கிடந்தது. முதல் வசனத்தை மட்டும் சொல்லிப்போட்டு விட்டால் காணும். பயம்தான். பொய்யும் இல்லை. பெரிட்டுக்குத் தமிழ் தெரியாது, எங்கடை அறை மூலையிலை ஒருத்தரும் இருக்கேல்லை. ஹம்மர்பெஸ்டிலை எத்தினை டொக்டர்மாற்றை வசனத்தை நான் விழுங்கியிருப்பன்? இவற்றை மனுசி ஆரோ வீட்டு அறையிலை கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறா எண்டது என்ரை கண்ணுக்கை வந்து நிண்டது.

மூண்டையும் சொன்னன். நான் நல்லவன் எண்டு இல்லை. அவர் என்ரை வாயைப் பாத்துக்கொண்டிருந்தார், அந்தப் பார்வைக்கு முன்னாலை என்னாலை விடேலாமல் போச்சு. பெரிட் மூண்டையும் தட்டெழுதினா.

அதைவிட இன்னொண்டு என்னை அரிச்சுக்கொண்டிருந்தது. அந்தத் தயிர்க்கார மனிசனுக்குப் பேந்து என்ன நடந்தது? பெரிட் அதைக் கேக்கேல்லை. அவ தையல்காரர் என்ன செய்தவர், என்ன நினைச்சுச் செய்தவர் எண்டதிலையே நிண்டா. நான் கையை மேசைக்கு மேலை எடுத்தன். விரல் நிமிந்தது. பெரிட் என்னைப் பாத்தா. விளங்காத சொல்லு ஒண்டும் இல்லையே, என்னெண்டு கேக்கிறது? கையைக் கீழை வைச்சிட்டன்.

எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டினன். எல்லாத்துக்கும் சரி எண்டார். கடைசியிலை வழமையான கேள்வி, வேறேதும் சொல்ல விருப்பமோ எண்டு. அவர் இந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி ஒண்டு சொல்லவேணும் எண்டார். பெரிட்டின்ரை புருவம் உயர்ந்தது. முறைப்பாடோ எண்டு நினைச்சன். என்னைப் பற்றின முறைப்பாட்டையும் நான்தான் மொழிபெயர்க்கவேணும், வேறை ஆள் இல்லையே.

"இவர் ஒண்டையும் விடல்ல. பேருகளையும் ஊரையும் நான் வேணுமெண்டுதான் போட்டநான். நோர்வே பாச தெரியாட்டியும் பேரு விளங்கும்தானே. ஒவ்வொண்டும் இவர்ர வாயால வருகுதா எண்டு பாத்துக்கொண்டிருந்தநான். வந்திச்சு. நானும் அண்டைக்கு இவர மாதிரித்தான், ஒண்டையும் விடல்ல. விட்டிருக்கணும்."

இதை நான், என்ரை வாயாலை, பெரிட்டைப் பாத்துச் சொன்னன். 'இந்த மொழிபெயர்ப்பாளர் ஒண்டையும் விடேல்லை' எண்டு என்னைப் பற்றியே நான்தான் சொல்லவேண்டி வந்தது. கடைசிச் சொல்லை ரெண்டுதரம் துவங்கித்தான் முடிச்சனான்.

அவர் போன பிறகு என்ரை துண்டுகளை மெஷினுக்கை போட்டு நறுக்கினன். தயிர்க்கார மனிசன்ரை பேரும் நறுங்கிப் போச்சு. பெரிட் மேசையிலை இருந்தபடி, "தண்ணி குடிக்கிறீங்களோ?" எண்டு கேட்டா. என்னைப் பாத்து. அத்தினை வருசத்திலை அண்டைக்குத்தான் நான் அந்த அறையிலை இருந்தனான்.

பேந்து எனக்கு என்ன தெரியும்? ஒண்டும் தெரியாது. ஒஸ்லோக் கோயில் தேர்த் திருவிழாவிலை சனத்துக்கை கட்டையான ஆள் ஆரும் போனால் எட்டிப் பாப்பன். பேச்சு முறிஞ்சு ஊரிலை திரும்பச் சண்டை துவங்கின நேரம், திருப்பி அனுப்பியிருப்பினமோ எண்டு நினைச்சு நித்திரை கெட்டிருக்கிறன். மனுசி என்னப்பா எண்டு கேப்பா. அவவுக்கும் சொல்லேலாது. விடுப்புக்காரனுக்கு இதைவிடத் தண்டனை வேறை என்ன?

ஓய்வெடுத்த பிறகு வீட்டிலை இருந்து திண்டு எனக்கு வயிறு வைச்சிட்டுது. இடுப்புப் பெருப்பிக்க ரெண்டு கழுசானைத் தூக்கிக்கொண்டு அம்மருட்டிலை புதுசாய் ஒரு தையல்கடை எண்டு கேள்விப்பட்டுப் போனன். உள்ளுக்கை போக, கழுத்திலை அளவு நாடாவோடை அவர் நிக்கிறார்.

எங்கடை தொழிலிலை ஒரு வழக்கம் இருக்கு, வெளியிலை கண்டால் நாங்கள் முதல் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கொள்ளக்கூடாது. நான் முகத்தைப் பேசாமல் வைச்சுக்கொண்டு கழுசானை நீட்டினன். அவர் நாடாவை இடுப்பிலை சுத்திக்கொண்டு, "மறுகா, எவ்வளவு விடணும்?" எண்டு கேட்டார். கேட்டுப்போட்டு என்ரை வாயைப் பாத்தார். பேந்து மற்ற மெஷினிலை இருந்த மனுசியைத் திரும்பிப் பாத்து, "இவர்தான்" எண்டார். அவ மெஷினை நிப்பாட்டிப்போட்டு எழும்பி நிண்டா.

ஊரிலை அறைக்கை விட்டிட்டு வந்த மனுசி இஞ்சை வந்திட்டா. எனக்கு அதிலேயே பாதி உயிர் வந்தது. தேத்தண்ணி தந்தா. நான் வேலையை விட்டிட்டன், இனிக் கேள்வி கேக்கக்கூடாது எண்டு ஆரும் என்னை மறிக்கேலாது. கோப்பையைக் கீழை வைக்கமுதலே கேட்டன், அந்தத் தயிர்க்கார மனிசன் என்ன ஆனவர் எண்டு.

திரும்பி வந்தவராம். மாசக்கணக்காய் உள்ளுக்கை கிடந்து, ஒரு காலை இழுத்து இழுத்து, ஆனால் உயிரோடை. வந்து முதல் வேலையாய்த் தயிர்ச் சட்டியோடை இவற்றை கடைக்கு வந்தாராம். அங்கை நிக்கிற மொழிபெயர்ப்பாளன் சனத்தைக் காப்பாத்துறவன் எண்டு ஊர் சொல்லும்தானே. தான் உயிரோடை வந்ததும் இவராலைதான் எண்டு நினைச்சிட்டார். இவற்றை ரெண்டு கையையும் பிடிச்சுக் கண்ணிலை ஒத்திக்கொண்டு நிண்டாராம்.

"நான் ஒண்டும் சொல்லல்ல" எண்டார் தையல்காரர். "தயிர வாங்கி வெச்சநான்."

உயிரோடை வந்தவர் எண்டதை விசாரணையிலை சொல்லியிருந்தால் உமக்கு எவ்வளவு நல்லது எண்டு நான் கிட்டத்தட்ட ஏசினன். அந்த அதிகாரி அம்மா கேக்கல்லையே எண்டு சொல்லிப்போட்டு நூலைக் கோத்தார். எனக்கு அழுகை வந்தது, வெக்கப்படாமல் அழுதன். அவற்றை மனுசி தண்ணிக் கிளாசைக் கொண்டுவந்து ஒரு சொட்டு முன்னுக்குத் தள்ளி வைச்சா.

அந்த நேரம் பார்த்து ஒரு நோர்வே மனுசி கடைக்கை வந்தா. வயசாளி, நல்ல கதைகாரி. தேசிய தினத்துக்கு உடுக்கிற தன்ரை பாரம்பரிய உடுப்பை அளவு திருத்தக் குடுத்திருந்தவ. கரையைப் பிரட்டிப் பிரட்டிப் பாத்தா, தையல் எங்கை ஓடுது எண்டே தெரியேல்லை எண்டு வியந்தா. இவ்வளவு வடிவாய் எங்கை பழகினவர் எண்டு அவரைப் பாத்துக் கேட்டா. தையல்காரருக்குப் பாஷை இப்ப விளங்கும், கதைக்கத்தான் நாக்குப் புரளாது. அவர் என்னைப் பாத்தார்.

"ஒரு பொலிஸ் காம்புக்குத் தைச்சுத்தான் கை திருந்தினது எண்டு சொல்லுங்க. அவங்கட வாயாவும் இருந்தநான் எண்டு சொல்லுங்க. அப்பிடியே சொல்லுங்க."

அந்த மனுசி சிரிச்ச முகத்தோடை என்னைப் பாத்துக்கொண்டு நிண்டா. நான் அவவிட்டைச் சொன்னன், அவற்றை ஊரிலை ஒரு தையல்கடையிலை பழகினவராம் எண்டு. அவ அவற்றை தோளிலை தட்டி நன்றி சொல்லிப்போட்டு உடுப்பைத் தூக்கிக்கொண்டு போனா.

கதவு சாத்தின பிறகு தையல்காரர் சொன்னார்:

"விட்டிட்டீங்க."

"நான் பென்ஷன் எடுத்திட்டன்" எண்டன்.

அவர் என்ரை வாயைப் பாத்தார். பேந்து கழுசானை மெஷினுக்குக் கீழை குடுத்தார்.

"அப்ப விடாமச் சொல்லுறதுக்கு வேற இடம் பாருங்க. எங்கட பேருகள மட்டும் விடுங்க."

பாத்தன், இதுதான் அந்த இடம். நிலானி, கேட்டியேல்லோ. ஹம்மர்பெஸ்ட் நாட்டாண்மையைக் கணக்கிலை எடுக்காட்டில் ஒரேயொருக்கால்தான் விட்டனான் பிள்ளை, அதையும் இஞ்சை சேத்திட்டன்.